வலியோடும் வலிமை பெறலாம்

மூட்டு நோயுடன் வாழ்வோருக்கும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் சில விளக்கங்கள்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில், குச்சவெளியைத் தாண்டிச் சென்றால் திரியாய்ச் சந்தி வரும். நகரத்திலிருந்து நாற்பது கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் காலையில் அச்சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா பஸ்ஸில் ஏற முயன்றுகொண்டிருந்தார். எமது பஸ்களின் மிதிபலகை நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு முழ உயரத்தில் இருப்பதை நாம் அறிவோம். அவர் கம்பியைப் பிடித்தார். விரல்கள் முழுமையாக மடங்கவில்லை. ஒரு காலைத் தூக்கி வைத்தார். உடலை மேலே உயர்த்த முழங்கால் இடம் கொடுக்கவில்லை. நடத்துனர் உதவி செய்ய எண்ணிக் கையைப் பிடித்து இழுத்தார். வலி தாங்காமல் அந்த அம்மா கையை உதறிக்கொண்டார். பஸ் போய்விட்டது.

"என்ட கால் இனி என்ட சொல் கேக்காது, பாதர்" என்றார். அன்று அவருக்கு வைத்தியசாலையில் கிளினிக் நாள். பஸ்ஸில் ஏற முடியாமல் கிளினிக்கைத் தவறவிட்ட மூன்றாவது மாதம் அது. குளிசைகள் முடிந்து பல நாட்களாகியிருந்தன. குளிசை இல்லாததால் மூட்டு வீங்குகிறது. மூட்டு வீங்குவதால் பஸ்ஸில் ஏற முடியவில்லை. பஸ்ஸில் ஏற முடியாததால் குளிசை இல்லை. இந்த வட்டத்துக்குள் அவர் அகப்பட்டிருந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இனி வயலுக்குப் போகாமல் ஓய்வெடுங்கோ அம்மா" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். ஆனால் அது பிழையான ஆலோசனை என்பதைப் பின்னர் ஓர் இயன்மருத்துவரிடமிருந்து அறிந்துகொண்டேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "பாதர், ஒரு வயலை நாலு போகம் கொத்தாமல், விதைக்காமல் விட்டால் என்னவாகும்?"

இக்கேள்விக்கான விடையைத் திரியாய் மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1985ஆம் ஆண்டு இக்கிராமத்து மக்கள் வீடு, வயல் அனைத்தையும் விட்டு இடம்பெயர நேர்ந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின்னரே மீளக் குடியேறத் தொடங்கினார்கள். திரும்பி வந்தபோது வயல் இருந்த இடங்களில் காடு நின்றது. நிலம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அது பயன்படுத்தப்படாமல் கிடந்தது. அதனை ஒரே நாளில் எவரும் மீட்கவில்லை. ஒரு பகுதியை வெட்டி, வரம்பு கட்டி, அடுத்த போகத்தில் இன்னொரு பகுதி என்று படிப்படியாகவே மீட்டார்கள். நோயுற்ற மூட்டைச் சுற்றியுள்ள தசைகளின் கதையும் இதுவேதான்.

மூட்டு நோய் என்பது ஒன்றல்ல

எமது ஊர்களில் மூட்டில் வரும் எந்த நோவையும் "வாதம்" என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஆனால் இவற்றுள் பல வகைகள் உண்டு. முக்கியமான மூன்றை மட்டும் இங்கு பார்ப்போம்.

முதலாவது மூட்டுத் தேய்வு. முழங்கால், இடுப்பு, விரல் நுனி மூட்டுகள் ஆகியவற்றில் இது அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019இல் உலகில் ஏறத்தாழ 52 கோடியே 80 இலட்சம் மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் 60 சதவீதமானோர் பெண்கள். காலையில் எழும்போது மூட்டு விறைத்திருக்கும். ஆனால் பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் அது தளர்ந்துவிடும். வேலை செய்யச் செய்ய மாலையில் நோவு கூடும்.

இரண்டாவது முடக்குவாதம். எமது உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது இது. 2019இல் உலகில் சுமார் 1 கோடியே 80 இலட்சம் பேருக்கு இது இருந்தது. பத்தில் ஏழு பேர் பெண்கள். இரு கைகளிலும் விரல் அடி மூட்டுகளும் மணிக்கட்டுகளும் ஒரே நேரத்தில் வீங்குவது இதன் அடையாளம். காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நீடிக்கலாம். களைப்பும் சேர்ந்து வரும். இதனை எண்ணெய் பூசிக்கொண்டு காலம் தாழ்த்தக் கூடாது. முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கப்பட்டால் மூட்டு உருக்குலைவதைப் பெருமளவு தடுக்கலாம்.

மூன்றாவது சிக்குன்குன்யா காய்ச்சலின் பின் வரும் மூட்டு நோவு. 1952 - 53இல் அன்றைய தங்கனிக்காவின் மக்கொண்டே மேட்டுநிலத்தில் முதலில் இனங்காணப்பட்ட இந்நோய்க்கு, அம்மக்களின் மொழியிலேயே பெயர் வைக்கப்பட்டது. "வளைந்து போதல்" என்பது அதன் கருத்து. நோவினால் மனிதர் கூனிப்போவதைக் குறிப்பது. இலங்கையில் 1965இல் காணப்பட்ட இந்நோய், நாற்பது ஆண்டுகளின் பின் 2006ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கு கிழக்குக் கரையோரங்களில் மீண்டும் பரவியது. திருகோணமலையும் அதற்குத் தப்பவில்லை. 2025இலும் நாட்டில் இந்நோய் பெருமளவில் பரவியது. காய்ச்சல் சில நாட்களில் விட்டுவிடும். ஆனால் மூட்டு நோவு பலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் தொடர்கிறது.

எந்த வகை என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மருந்து வகைக்கு வகை மாறும். ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு விடயம் உண்டு. அதுதான் தசைகளின் பலம்.

மூட்டைத் தாங்குவது யார்?

ஒரு கதவு பிணைச்சலில் ஆடுவதுபோல மூட்டு ஆடுகிறது என்றும், ஆட ஆடத் தேய்ந்து முடிந்துவிடும் என்றும் பலர் எண்ணுகிறார்கள். இது அரைகுறை உண்மை. பிணைச்சல் உயிரற்ற இரும்பு. மூட்டோ உயிருள்ளது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கான உணவு மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவத்திலிருந்தே கிடைக்கிறது. தண்ணீரில் கிடக்கும் பஞ்சை அமுக்கி விட்டால் அது பழைய நீரை வெளியே தள்ளிப் புதிய நீரை உறிஞ்சிக்கொள்வதுபோல, நாம் நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கியும் விரிந்தும் தன் உணவைப் பெறுகிறது. அசையாமல் கிடக்கும் மூட்டு பட்டினி கிடக்கும் மூட்டு.

அடுத்து, மூட்டின் மேல் விழும் சுமையை ஏற்பது தொடையின் முன்பக்கத் தசை, பின்பக்கத் தசை, பிட்டத் தசை, கெண்டைக்கால் தசை ஆகியனவே. இவை பலமாக இருந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் தாமே வாங்கிக்கொள்ளும். இவை மெலிந்தால் சுமை முழுவதும் மூட்டின் மேல் விழும். மூட்டு வீங்கும்போது நரம்புகள் தாமாகவே தொடைத் தசையின் வேலையைக் குறைத்துவிடுகின்றன. "முழங்கால் மடங்கி விழப் பார்த்தேன்" என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். நோவுக்குப் பயந்து நாம் நடப்பதைக் குறைக்கிறோம். தசை மேலும் மெலிகிறது. நோவு மேலும் கூடுகிறது.

உடல் நிறையையும் இங்கு கவனிக்க வேண்டும். முழங்கால் தேய்வும் அதிக நிறையும் உள்ளவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வொன்றில், ஒரு கிலோ நிறை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைவதாகக் கண்டார்கள்.

"இந்த வயதில் என்ன பலம் வரப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் முதியோர் இல்லமொன்றில், சராசரி வயது 90 ஆன பலவீனமான பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. முடக்குவாத நோயாளர்களைப் படுக்கையில் ஓய்வாக வைத்திருப்பதே சிறந்தது என்று வைத்திய உலகமும் நீண்ட காலம் நம்பியிருந்தது. 2003இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் முந்நூறுக்கு மேற்பட்ட முடக்குவாத நோயாளர்கள் இரண்டு ஆண்டுகள் பங்குபற்றினார்கள். வாரம் இரு முறை கடினமான பயிற்சி செய்தவர்களின் பலமும் செயற்றிறனும் கூடின. கை கால் மூட்டுகள் மேலும் பழுதடையவில்லை. ஏற்கெனவே தோள், முழங்கால் போன்ற பெரிய மூட்டுகள் மிகவும் சேதமடைந்திருந்தவர்கள் மட்டும் கூடுதல் கவனத்துடன் செய்ய வேண்டும் என்பதும் அதில் தெரியவந்தது.

தொடங்குமுன் வைத்தியரைக் காண வேண்டியவர்கள்

பின்வரும் அறிகுறிகள் இருந்தால் பயிற்சியைத் தொடங்காது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவும்: ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து சூடாகி, காய்ச்சலும் இருத்தல், விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோதல், கால்கள் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை, சிறு வேலையிலும் நெஞ்சு நோவு அல்லது மூச்சு வாங்குதல். நீண்ட காலம் முடக்குவாதம் உள்ள ஒருவருக்குக் கழுத்து நோவும் கைகளில் விறைப்பும் இருந்தால், அவர் பாரம் தூக்கவே கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய ஆறு பயிற்சிகள்

இவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஒரு பலமான கதிரை, ஒரு படி, பழைய சைக்கிள் ரியூப், மணல் நிரப்பிய சிறு பை, ஒரு துணி போதும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுச் செய்யவும். தசை பலம் பெறுவது அந்த இடைவெளி நாளில்தான். காலை விறைப்பு விட்டபின் செய்வது நல்லது.

1. கதிரையிலிருந்து எழும்புதல். கதிரையைச் சுவரோடு சேர்த்து வைக்கவும். முன்விளிம்பில் இருந்து, கைகளை நெஞ்சில் மடித்து, எழுந்து நிற்கவும். பின் மூன்று எண்ணும்வரை மெதுவாக இருக்கவும். தொப்பென்று விழ வேண்டாம். முடியாவிட்டால் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டலாம். கைகளை ஊன்றியும் எழும்பலாம்.

2. காலை நீட்டிப் பிடித்தல். கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்கவும். இது இலகுவானபின் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பையைக் கட்டிக்கொள்ளலாம்.

3. படி ஏறி இறங்குதல். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் படியில் வைத்து உடலை உயர்த்தி, மெதுவாக இறங்கவும். அரை அடிக்கும் குறைந்த படியில் தொடங்கவும்.

4. குதி உயர்த்துதல். சுவரில் கைவைத்து நின்று, இரு குதிகளையும் உயர்த்தி இறக்கவும்.

5. ரியூப் இழுத்தல். ரியூப்பைத் தூணில் சுற்றி இரு முனைகளையும் பிடித்து, முழங்கைகள் பின்னே போகும்வரை இழுத்து மெதுவாக விடவும். விரல்கள் மடங்காதவர்கள் முனைகளில் வளையம் போட்டு மணிக்கட்டுக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம். கிணற்றில் தண்ணீர் அள்ளும் தோளுக்கும் முதுகுக்கும் இது பலம் தரும்.

6. கைவிரல்கள். இளஞ்சூடான நீரில் கைகளை வைத்து, மென்மையாகச் சுருட்டிய துணியைப் பிடித்து விடவும். பின் விரல்களை நன்றாக விரிக்கவும். துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம். அது விரல்களைப் பக்கவாட்டில் வளைத்துக் கேடு செய்யும்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை செய்து, சற்று இளைப்பாறி, மீண்டும் ஒரு சுற்று செய்யவும். மூச்சை அடக்க வேண்டாம். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகவே சீராகும். இரு நாட்கள் தொடர்ந்து 12 தடவை இலகுவாக வந்தால், பாரத்தையோ உயரத்தையோ சிறிது கூட்டவும். கூட்டாமல் அதே அளவில் நிற்பவரின் பலமும் அதே அளவில் நின்றுவிடும். மற்ற நாட்களில் பத்து நிமிடம் நடக்கவும்.

எவ்வளவு நோவு சரி? எவ்வளவு பிழை?

பலர் பயிற்சியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். முதல் வாரம் நோவு சற்றுக் கூடும். "பழுதாகிவிட்டது" என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

டென்மார்க்கில் 2013இல் மூட்டுத் தேய்வு நோயாளர்களுக்கென ஒரு கல்வி, பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டுப் பல நாடுகளுக்கும் பரவியுள்ளது. அங்கு கையாளப்படும் அளவுகோல் மிக எளிமையானது. நோவே இல்லை என்றால் 0; தாங்கவே முடியாத நோவு என்றால் 10. பயிற்சியின்போது நோவு 2 வரை இருந்தால் பயமில்லை. 5 வரை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 5ஐத் தாண்டினால் அளவைக் குறைக்க வேண்டும். கூடிய நோவு 24 மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் நாம் செய்தது சரியான அளவு. திரும்பாவிட்டால் அடுத்த முறை குறைத்துச் செய்ய வேண்டும். நிறுத்த வேண்டியதில்லை.

முடக்குவாதக்காரருக்கு மூட்டு வீங்கிச் சூடாகும் நாட்களும் வரும். அந்நாட்களில் பாரத்தை விட்டுவிட்டு, மூட்டை மெதுவாக மடக்கி நீட்டவும், அசைக்காமலே தசையை இறுக்கித் தளர்த்தவும் மட்டும் செய்தால் போதும். வீக்கம் வடிந்ததும் முன்னைய அளவின் பாதியில் மீண்டும் தொடங்கவும்.

எமது மொழியில் ஒரு விசேடம் உண்டு. வலி என்ற ஒரே சொல் நோவையும் குறிக்கும், பலத்தையும் குறிக்கும். திருக்குறளின் 48ஆம் அதிகாரத்துக்கு "வலியறிதல்" என்று பெயர். செய்யப்போகும் செயலின் கனத்தையும் தன் பலத்தையும் அளந்து அறிவது பற்றியது அது. அரசர்களுக்குச் சொல்லப்பட்டது, முழங்கால் நோவுள்ள ஒரு தாய்க்கும் பொருந்துகிறது.

வேலையை விடாமல் வேலையை மாற்றுதல்

கிராமத்தில் வாழும் ஒருவரிடம் "பாரம் தூக்க வேண்டாம், குந்தியிருக்க வேண்டாம்" என்று சொல்வது இலகு. அடுப்பு நிலத்தில், துருவலை நிலத்தில், மலசலகூடத்தில் குந்த வேண்டும், வயலில் களை பிடுங்கக் குனிய வேண்டும். ஆகவே வேலையின் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

அடுப்பைக் கல்லால் இடுப்பளவு உயர்த்தலாம். மேசையில் பூட்டும் துருவலை கடைகளில் உண்டு. மலசலகூடச் சுவரில் ஒரு இரும்புக் குழாயைப் பிடியாகப் பொருத்தினால் எழும்புவது பாதி இலகுவாகும். நடுவில் துளையுள்ள கதிரையையும் பயன்படுத்தலாம். வாளியைப் பாதி நிரப்பி இரு முறை அள்ளவும். மண்வெட்டி, அகப்பை, கத்தி ஆகியவற்றின் பிடியில் பழைய ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கினால் விரல்கள் இறுகப் பற்ற வேண்டியதில்லை. ஒரே வேலையை இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் செய்யாமல் எழுந்து நடந்து, வேறு வேலைக்கு மாறவும். பெரும்போக அறுவடை நாட்களில் நெல் மூடை தூக்குவது வீட்டிலுள்ள இளைஞர்களின் பொறுப்பு.

இந்த மாற்றங்கள் பெண் கேட்டுப் பெற வேண்டிய சலுகைகள் அல்ல. வீட்டு ஆண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்து முடிக்கக்கூடிய வேலைகள்.

உணவு, குளிசை, எண்ணெய், வெந்நீர்

தசை வளரப் புரதம் வேண்டும். முதியவர் ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் தேவை. அதாவது 50 கிலோ நிறையுள்ள அம்மாவுக்கு 50 கிராம் முதல் 60 கிராம் வரை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம், அவித்த பயறு 100 கிராமில் சுமார் 7 கிராம் உண்டு. குச்சவெளிக் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எமது வீடுகளில் மீன் துண்டுகள் யாருடைய கோப்பைக்குப் போகின்றன? எல்லோரும் உண்டபின் சட்டியில் எஞ்சிய குழம்போடு சோறு உண்பவர் யார்? மூட்டு நோய் பெண்களுக்கே அதிகம் என்று மேலே கண்டோம். இதனையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் புரத அளவை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

குளிசைகள் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் மெதோற்றெக்சேற் என்ற மருந்து வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டியது. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் குளிசைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவும். அடுத்தது, டைக்குளோபினாக், இபுப்புறொபன் போன்ற நோவுக் குளிசைகளைக் கடையில் வாங்கி நீண்ட நாள் விழுங்குதல். இவை வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் ஏற்படுத்தும். எமக்கு அயலிலுள்ள பதவியா உட்பட வடமத்திய மாகாணத்தின் விவசாயக் கிராமங்களில் 1990களிலிருந்து ஒரு சிறுநீரக நோய் பரவியிருப்பதை நாம் அறிவோம். வெயிலில் உழைத்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் விவசாயிகளாகிய நாம் சிறுநீரகத்தின் மேல் இன்னொரு சுமையை ஏற்றக் கூடாது. உடனடியாக நோவை மாற்றும் பெயரில்லாத "வாதக் குளிசை"களையும் நம்ப வேண்டாம். சிலவற்றில் ஸ்ரீரொயிட் கலந்திருக்கும். அது எலும்பையும், நாம் பாடுபட்டு வளர்க்கும் தசையையுமே அரித்துவிடும்.

எண்ணெய் பூசலாமா, நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கலாமா, கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். கன்னியாவின் ஏழு கிணறுகளில் குளித்து வந்தவர்கள் உடம்பு இலேசானதாகச் சொல்வது பொய்யல்ல. சூடு தசையைத் தளர்த்தி, சில மணித்தியாலங்களுக்கு நோவைக் குறைக்கும். அந்தச் சில மணித்தியாலங்களைப் படுத்து உறங்குவதில் செலவிடாமல் பயிற்சி செய்யப் பயன்படுத்த வேண்டும். சூடு கதவைத் திறந்துவிடும்; உள்ளே நடப்பது நாம்தான். சிவந்து சூடாக வீங்கியிருக்கும் மூட்டுக்கு மட்டும் சூடு வேண்டாம்.

மூட்டு மிகவும் பழுதடைந்து, நடப்பதும் உறங்குவதும் இயலாதபோது சத்திரசிகிச்சை மூலம் செயற்கை மூட்டுப் பொருத்தும் வழி உண்டு. அதற்குக் காத்திருக்கும் காலத்திலும் தசையைப் பலப்படுத்துவது வீண் போகாது. பலமான காலுடன் சத்திரசிகிச்சைக்குச் செல்பவர் விரைவில் எழுந்து நடப்பார்.

சங்கமாகச் செய்தல்

தனியாகத் தொடங்கும் பயிற்சி பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் எமது ஊர்களில் ஏற்கெனவே உள்ளன. வாரம் இரு மாலைகள், ஆறு வாரங்கள், ஒரு மர நிழல், இவை போதும். முதல் நாளில் வைத்தியசாலையின் இயன்மருத்துவர் ஒருவரை அழைத்து ஒவ்வொருவரையும் பார்க்கச் செய்யலாம்.

முன்னேற்றத்தை அளக்க ஒரு கதிரையும் ஒரு மணிக்கூடும் போதும். கைகளை மடித்தபடி 30 செக்கனில் எத்தனை முறை எழுந்து இருக்க முடிகிறது என்று எண்ணவும். 60 முதல் 64 வயதுவரையான பெண்ணுக்கு இது 12க்குக் குறைவாக இருந்தால் கால் பலம் போதாது, விழும் ஆபத்து உண்டு என்று கொள்ளலாம். முதல் நாள் எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதி, ஆறாம் வாரத்தில் மீண்டும் எண்ணிப் பார்க்கவும். முதல் வாரங்களில் கூடும் பலம், நரம்புகள் தசையை மீண்டும் எழுப்பப் பழகுவதால் வருவது. தசை தடிப்பதற்கு மாதங்கள் செல்லும். நிறுத்தினால் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். ஆகவே இது ஒரு வைத்தியமல்ல, வாழ்க்கைப் பழக்கம்.

சந்தியில் கண்ட அந்த அம்மாவும் இவ்வாறுதான் தொடங்கினார். முதலில் அவருக்குச் செய்ய வேண்டியிருந்தது பயிற்சியல்ல. ஓட்டோ ஒன்றில் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்று மருந்தை மீண்டும் தொடங்கியதே. வீக்கம் வடிந்தபின் கதிரைப் பயிற்சி. முதல் நாள் 30 செக்கனில் நான்கு முறை, அதுவும் கைகளை ஊன்றி. இடையில் இரண்டு முறை மூட்டு வீங்கி நிறுத்த வேண்டியும் வந்தது. "இது எனக்குச் சரிவராது" என்று கோபித்துக்கொண்டு ஒரு வாரம் வராமலும் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் போய்க் கூட்டி வந்தார்கள். மூன்றாம் மாதத்தில் ஒன்பது முறை எழும்பினார், கை ஊன்றாமல். விறாந்தைப் படியின் மேல் ஒரு சீமெந்துக் கல், பின் இரண்டு கற்கள் என்று படியின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஏன் இவ்வளவு உயரம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அவரது நோய் மாறிவிடவில்லை. விரல்கள் இன்னும் முழுமையாக மடங்குவதில்லை. மாரியில் நோவு கூடுகிறது. முன்போல் நாள் முழுவதும் வயலில் நிற்பதுமில்லை. காலையில் இரண்டு மணித்தியாலம், அவ்வளவுதான். ஆனால் கிளினிக் நாளன்று அவர் சந்திக்கு வந்தார். கம்பியில் முழங்கையை வளைத்து மாட்டி, பலமான காலை மிதிபலகையில் வைத்து, மூன்று எண்ணி எழும்பினார். நடத்துனர் கையை நீட்டினார். "வேண்டாம் தம்பி, விடுங்கோ" என்றார் அந்த அம்மா.

பஸ் புறப்பட்டது. அவர் அதற்குள் இருந்தார்.